மாம்பழ மணம்

நோயாளி பார்க்க வந்த தாரிகாவின் கைகள் நவரத்தினத்தாரின் இடுப்புக்கடியில் இருந்தன. பாரிசவாதத்தில் பேச்சும் வலப்பக்கமும் போன மனிதர். முதுகில் புண் வராமலிருக்க அவரைச் சரித்துக் கிடத்தி விரிப்பை உருவியபோது, மெத்தைக்கடியில் பேனாப் பருமனில் ஒரு மஞ்சள் குழாய் தட்டுப்பட்டது.

பள்ளிக்கூடத்தால் வந்த பேத்தி யதுஷா அதைக் கண்டதும் கதவைச் சாத்தினாள்.

"அன்ரி, சிகரட் இல்லை, வேப். புகையில்லை, பற்றரியில வாற ஆவிதான். மணந்து பாருங்கோ."

தாரிகா மணந்து பார்த்தாள். நன்றாகப் பழுத்த கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தின் மணம்.

"முதல்ல என்னோட படிக்கிற சாமினி புகையிலை மணத்தில ஒண்டு தந்தவள். குமட்டிச் சத்தி வந்திட்டுது. இது ஐஸ்கிறீம் மாதிரி. அம்மப்பாவின்ர ஜன்னலடியில நிண்டுதான் இழுக்கிறனான். அவர் ஆருக்குச் சொல்லப்போறார்?"

பீடி மணத்திருந்தால் அன்றைக்கே தாயிடம் சொல்லியிருப்பாள். பழம் மணத்ததால் பேசாமல் விட்டாள். கொட்டாஞ்சேனை அறையைக் கைவிட்டு, இந்த வெள்ளவத்தை வீட்டிலேயே தங்கி வேலை செய்பவள். வீட்டுப் பிள்ளையைப் பகைக்க விருப்பமில்லை. விரிப்பு மாற்றும்போதெல்லாம் குழாயை எடுத்துச் சட்டைப்பையில் வைத்து, பின்னேரம் திருப்பிக் கொடுக்கவும் பழகிவிட்டாள்.

நவரத்தினத்தாருக்குச் சீனி வருத்தம். ஆனி மாதம் பிறந்தால் இடது கையைத் தூக்கி மாம்பழம் கேட்பார். கொடுக்கக்கூடாது என்பது மகளின், யதுஷாவின் தாய் தனுஷியாவின், கட்டளை. ஒரு பின்னேரம் அவருக்கு இரத்தத்தில் சீனி எகிறியிருந்தது. கந்தோரில் வேலை முடிந்து வந்த தனுஷியா அறைக்குள் நுழைந்ததும் மூக்கை உறிஞ்சினாள்.

"அப்பாக்கு மாம்பழம் குடுத்தனீங்களோ?"

"இல்லை மிஸ்."

"யாழ்ப்பாணத்தில வளந்த எனக்குக் கறுத்தக்கொழும்பான் மணம் தெரியாதோ?"

வேலை போனால் படுக்க இடமும் போகும். தாரிகா சட்டைப்பையிலிருந்து குழாயை எடுத்து நீட்டினாள்.

"இதின்ர மணம்தான் மிஸ். யதுஷாத் தங்கச்சியின்ர."

தாயின் பின்னால் வந்து நின்ற யதுஷாவின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. "நான் இதைக் கண்டதே இல்லை அம்மா. அன்ரியின்ர பொக்கற்றில இருந்துதானே வந்தது?"

கட்டிலில் கிடந்தவர் இடது கையைத் தூக்கினார். விரல் பேத்தியின் பக்கம் நீண்டது.

"பாத்தீங்களே, இப்பவும் மாம்பழம் கேக்கிறார்," என்றாள் யதுஷா.

தனுஷியா தகப்பனின் கையைப் பிடித்துப் போர்வைக்குள் வைத்தாள். "காலமை புது ஆள் வரும். உங்கட இந்தக் குப்பைக் குழாயையும் கொண்டு போங்கோ."

படுக்கையில் கிடப்பவரை ஒப்படைக்காமல் போகக்கூடாது என்பது தாரிகா பயிற்சியில் படித்தது. மறுநாள் காலை, புதிதாக வந்தவளுக்கு அவரைத் திருப்பும் விதத்தையும், இடுப்பில் சிவக்கத் தொடங்கிய இடத்தையும் காட்டினாள். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள்.

ஒழுங்கை முனையில் வெள்ளைச் சீருடையில் யதுஷா நின்றாள்.

"அன்ரி, அதைத் தாங்கோவன். கடைக்காரன் பின்னேரம்தான் திறப்பான்." கையை நீட்டினாள்.

"அம்மாட்ட உண்மையைச் சொல்லுங்கோ. தாறன்."

"ஏலாது."

தாரிகா குழாயை வீதியோரக் கழிவுநீர்க் கானுக்குள் போட்டுவிட்டு நடந்தாள். காலி வீதியில் ஏறும்போது திரும்பிப் பார்த்தாள். பிள்ளை கானடியில் மண்டியிட்டு, தோள்வரை கையை விட்டுச் சேற்றைத் துழாவிக்கொண்டிருந்தது.

தாரிகா பஸ்ஸை மறித்து ஏறினாள்.