பெரட்டுக்கு முன் வெந்நீர்

காலையில் எழுந்து ஒரு பொத்தானைப் போட உங்களுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது? இது என்ன கேள்வி என்று சிரிக்காதீர்கள். வேலாயிக்கு வெயில் ஏறும்வரை பிடிக்கிறது. அவள் ரவிக்கைக் கொக்கியைப் பக்கத்து வீட்டுச் சின்னம்மைதான் தினமும் மாட்டிவிடுகிறாள்.

வேலாயி இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள். இரண்டு நாட்டுப் பெரியவர்கள் உட்கார்ந்து, இத்தனை தலை உனக்கு, இத்தனை தலை எனக்கு என்று மாடு பிரிப்பதுபோல் மனிதரைப் பிரித்தபோது அவள் இந்தியாவின் பங்குக்கு வந்தாள். ராமேசுவரத்தில் கப்பலை விட்டு இறங்கி, மண்டபம் முகாமில் புழுங்கிக் கிடந்து, கடைசியில் கோத்தகிரிக்குக் கீழே ஒரு தனியார் தோட்டத்து லயத்தில், கூலியாட்களின் வரிசை வீடுகளில், ஓர் அறை கிடைத்தது. வந்த மறு வருடமே புருஷன் செத்துப்போனான். பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்பிள்ளைகள். வீட்டில் ஒருவர் கொழுந்து பறிக்கும்வரைதான் அந்த அறை அவர்களுக்கு. பெயர் வெட்டுப்பட்டால் தகரப்பெட்டியோடு நடுரோடு.

அதனால்தான் விரல் முட்டிகள் வீங்க ஆரம்பித்தபோது வேலாயி யாரிடமும் வாய் திறக்கவில்லை. முதலில் வலது கை, பிறகு இடது. கோடாங்கி ஒருவன் போன பிறவிப் பாவம் என்று சொல்லிக் கறுப்புக் கயிறு கட்டினான். தோட்டத்து டாக்டர் தனசிங், "குளிர் வலிம்மா. மலையில இருந்தா அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி வெள்ளை மாத்திரை கொடுத்தார். கயிறு கட்டியவன் படிக்காதவன். தனசிங் படித்தவர், நல்லவரும்கூட. ஆனால் படித்து முடித்த நாளோடு அவருடைய புத்தகம் மூடிக்கொண்டது. அதை மறுபடி திறக்கச் சொல்ல இந்த மலையில் யாரும் இல்லை.

ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதை இலங்கையிலிருந்து வந்தவர்கள் பெரட்டு என்பார்கள். இந்தத் தோட்டத்துப் பெரட்டில் சூப்பர்வைசர் ஆறுக்குட்டி ஒரு வழக்கம் வைத்திருந்தார். பெயரைக் கூப்பிட்டதும் இரண்டு கையையும் தூக்கி, விரல்களை மடக்கி விரிக்க வேண்டும். மடங்காத கைக்கு அன்று வேலை இல்லை. மடங்காத கை அடிக்கடி வந்தால் பெயரும் இல்லை.

பெண்கள் இதற்கொரு மாற்று வைத்திருந்தார்கள். பெரட்டுக் கொட்டகைக்குப் பின்னால் கல் கூட்டி, வாளியில் வெந்நீர் காய்ச்சி, பெயர் கூப்பிடும்வரை கையை அதில் முக்கி வைத்திருப்பார்கள். பக்கத்தில் பால் விடாத பிளேன்டீக் கெட்டில் ஒன்றும் இருக்கும், சாக்குக்கு.

"சீமாட்டிங்க டீ குடிச்சாச்சுங்களா? பெரட்டை ஆரம்பிக்கலாமுங்களா?" என்பார் ஆறுக்குட்டி.

"ஒங்களுக்கும் ஒரு கோப்பை ஊத்தவாங்க? ராத்திரி ஊட்டுல அம்மா ஒங்களை வெளிய வெச்சுப் பூட்டிட்டாங்கன்னு கேள்விப்பட்டேன்" என்பாள் சின்னம்மை. வரிசையே தோளைக் குலுக்கிச் சிரிக்கும். வேலாயிக்குச் சிரிப்பு வராது. வெந்நீர் ஆறுகிறதா என்றே பார்த்துக்கொண்டிருப்பாள்.

இந்த மாசியில், தோட்டத்து டாக்டர்களுக்கு மூட்டுவாத நோய்களைப் பற்றிக் குன்னூரில் ஒரு வகுப்பு நடந்தது. நோயாளி ஒருவரை அழைத்து வரச் சொல்லியிருந்தார்கள். தனசிங் வேலாயியை ஜீப்பில் ஏற்றினார். போய் இறங்கியதும் முதல் காரியமாக அங்கிருந்த சமையல்காரரிடம் வெந்நீர் கேட்டு வாங்கிக் கையை முக்கினாள். அதிகாரிகள் முன்னால் நல்ல கையோடு நிற்க வேண்டும் என்பதைத்தான் வாழ்க்கை அவளுக்குக் கற்றுக் கொடுத்திருந்தது.

வகுப்பெடுக்க மதராஸிலிருந்து வந்த டாக்டர் தங்கமணி, "வேலாயி யாரும்மா?" என்றார்.

வேலாயி சட்டென்று இரண்டு கையையும் தூக்கி விரல்களை மடக்கி விரித்தாள். பின்வரிசை டாக்டர்கள் சிரித்தார்கள்.

தங்கமணி சிரிக்கவில்லை. "உங்களை யாரு கையைத் தூக்கச் சொன்னா?"

"பேரு கூப்பிட்டீங்களேம்மா."

தங்கமணி அவள் கையை வாங்கி, விரல்களின் அடிமுட்டிகளைச் சேர்த்து மெல்ல அமுக்கினார். "வலிக்குதா?"

"இல்லீங்கம்மா." கண்ணில் நீர் திரண்டு நின்றது.

"காலையில எந்திரிச்சதும் விரல் மடங்க எவ்வளவு நேரம் ஆகும்?"

வேலாயி தனசிங்கைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். "உடனே மடங்கிரும்ங்க."

"தனசிங் சார், இவங்களை எத்தனை மணிக்குப் பாப்பீங்க?"

"டிஸ்பென்சரி ஒன்பதுக்குத் தாங்க திறக்கறது. இவங்க மத்தியானத்துக்கு மேலதான் வருவாங்க."

"இந்த மூட்டுவாத நோய் காலையில விரலைப் பூட்டி வைக்கும். வெயில் ஏறினா பூட்டைத் திறக்கும். திறந்த பிறகு பாத்துட்டுக் குளிர் வலின்னு எழுதறோம். அதுக்குள்ள அது மூட்டை அரிச்சிட்டிருக்கும். தோட்டத்துல இவங்க பேரைக் கூப்பிடறது எத்தனை மணிக்கு?"

தனசிங்குக்குத் தெரியவில்லை. இத்தனை வருடத்தில் ஒரு நாளும் அவர் அங்கே போனதில்லை.

"அப்ப நாளைக்குக் காலையில வகுப்பு அங்கதான்" என்றார் தங்கமணி. பனியில் எப்படிப் போவது என்று பின்வரிசை முணுமுணுத்தது.

அன்று ராத்திரி வேலாயி நடந்ததைச் சின்னம்மையிடம் சொன்னாள்.

"நெசத்தைச் சொன்னா லயம் போயிரும்டி. புள்ளைங்களைக் கூட்டிட்டு மறுபடி மண்டபத்துக்கா போவ?" என்றாள் சின்னம்மை.

"சொல்லாட்டி கையே போயிரும்ங்குறாங்களே."

"ரெண்டுல எது போனாலும் தெருதான்" என்ற சின்னம்மை, தன் விரல்களைத் தடவிக்கொண்டு, "எனக்கும் முட்டி கடுக்குதுடி" என்றாள்.

மறுநாள் பனி வெளுத்துக் கிடந்தபோது தங்கமணியும் மற்ற டாக்டர்களும் கொட்டகைக்கு முன்னால் நின்றார்கள். தனசிங் மட்டும் புகையைப் பார்த்துப் பின்பக்கம் போனார். வாளியைச் சுற்றிக் கைகள். அவர் பார்த்துக் குளிர் வலி என்று எழுதி அனுப்பிய கைகள். அவர் வேலாயி பக்கத்தில் குனிந்தார்.

"வேலாயிம்மா, இன்னைக்கு ஒரு நாள் நனைக்காம வாங்க. நான் பக்கத்துல நிக்கறேன்."

"நீங்க நிப்பீங்க. நான் எங்க நிக்கிறதுங்க?"

வேலாயி வாளிக்குள் இருந்த சின்னம்மையின் கைகளைப் பார்த்தாள். ஆறுக்குட்டியின் குரல் கேட்டது. அவள் கையை நனைக்காமலே போனாள்.

"வேலாயி."

தூக்கினாள். விரல்கள் பாதியில் நின்றன. மடக்கப் பார்த்தாள். முடியவில்லை. இறக்கவும் இல்லை.

"வேலை இல்லை. ஊட்டுக்குப் போங்க" என்றார் ஆறுக்குட்டி.

"அது நோவுங்க, ஏமாத்து இல்லை" என்றார் தனசிங். "வருசக்கணக்கா நான்தானுங்க தப்பா எழுதிட்டேன்."

அன்றே மருத்துவம் தொடங்கியது. ரத்தம் எடுத்தார்கள், மாத்திரை மாற்றினார்கள், ஊசி போட்டார்கள். அடுத்த கொழுந்து முளைப்பதற்குள் வீக்கம் வற்றிவிடாது, மாதங்கள் ஆகும் என்றார் தங்கமணி. அதுவரை காலையில் இலேசான வேலை கொடுக்கும்படி தனசிங் எழுதினார். நிர்வாகம் அதில் ஒரே ஒரு செய்தியைத்தான் படித்தது: இவளால் முடியாது. வருகிற திங்கட்கிழமை பெரட்டில் அவள் பெயரை வெட்டப்போகிறார்கள். சிரித்த டாக்டர்களில் எவரும் இதுவரை வாய் திறக்கவில்லை. நோயைக் கண்டுபிடிப்பதே ஒருத்தியைத் தெருவில் தள்ளுமானால், நாளைக்கு எந்தப் பெண் டாக்டரிடம் உண்மை சொல்வாள்? வாளிதான் மறுபடி கொதிக்கும்.

நீங்கள் டாக்டரானால், அடுத்து வரும் கூலிக்காரப் பெண்ணிடம் காலையில் அவள் விரல் எப்போது மடங்குகிறது என்று கேளுங்கள். யாரானாலும் திங்கட்கிழமை விடியுமுன் அந்தக் கொட்டகைக்கு வாருங்கள். வேலாயி என்று கூப்பிடும்போது அவளோடு சேர்ந்து உங்கள் கையையும் தூக்குங்கள். மடக்காதீர்கள்.