ஓணம் லீவும் எங்கள் ஐந்தாம் வகுப்பும்

தென்காசியில் நான் படித்தது வாத்தியார் ஒருவர் சொந்தமாக நடத்திய பள்ளிக்கூடம். மேனேஜரும் அவரே. வருஷத்துக்கு ஒருமுறை இன்ஸ்பெக்டர் வந்து பிள்ளைகளைப் பார்த்து எழுதினால்தான் சர்க்கார் கிராண்ட் வரும். ஆள் குறைந்தால் வகுப்பையே எடுத்துவிடுவார்கள். ஐந்தாம் வகுப்பில் நாங்கள் ஆறே பேர். அது போனால் என் படிப்பும் போகும். பெண்பிள்ளை தூரமாகப் போய்ப் படிக்க வேண்டாம் என்று அப்பா முன்பே சொல்லியிருந்தார். யாராவது இருமினாலும் எனக்குப் பயம், நாளைக்கு வராமல் இருந்துவிடுவாளோ என்று.

என் சித்தி மகளுக்கு இந்தக் கவலையே கிடையாது. அவள் செங்கோட்டையில் படித்தாள். ஐந்து மைல்தான், ஆனால் அது திருவிதாங்கூர். அவளுடைய வாத்தியார்மாருக்கு மகாராஜா சர்க்கார் சம்பளம். ஓணத்துக்கு லீவு வேறு. அந்த லீவில் எங்கள் வீட்டுக்கு வந்து, "உங்களுக்கு லீவு கெடையாதாட்டி?" என்பாள். எனக்கு வயிறு எரியும்.

நான் ஐந்தாவது படித்த வருஷம் அந்த லீவிலேயே இன்ஸ்பெக்டரும் வந்தார். சாரல் முடியுமுன் குற்றாலத்தில் ஒரு குளியல் போட அவருக்கு ஆசை. எங்கள் வகுப்பில் இரண்டு பேர் ஐந்தருவியில் பழக்கடை போடப் பெற்றோரோடு போயிருந்தார்கள். முதல் நாள் சாயங்காலம் வாத்தியார் எங்கள் வீட்டுக்கு வந்து சித்தி மகளிடம் சொன்னார்:

"ஏட்டி, நாளைக்கு ஒரு நாள் இவ கூட வந்து உக்காரு. வாயத் தொறக்காண்டாம். ஆள் இருந்தாப் போதும்."

மறுநாள் இன்ஸ்பெக்டர் என்னிடம் கணக்குக் கேட்டார். நான் தப்பாகச் சொன்னேன். பக்கத்தில் இருந்த சித்தி மகள் எழுந்து பட்டென்று சொல்லிவிட்டாள்.

"பலே. இந்தப் பிள்ளையப் பாத்துப் படி," என்றார் என்னிடம். தானே சொல்லிக்கொடுத்ததுபோல வாத்தியாரும் தலையாட்டினார்.

"சார், இவ எங்க பள்ளிக்கூடம் இல்ல. செங்கோட்டைக்காரி. லீவுக்கு வந்திருக்கா," என்றேன்.

இன்ஸ்பெக்டர் பதிவேட்டை வாங்கி ஒவ்வொரு பெயராகக் கூப்பிட ஆரம்பித்தார். அன்றைக்கு அவர் அருவிக்கே போகவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில், "ஏன்ட்டி சொன்ன?" என்றாள் அவள்.

"நீ ஏன் எந்திரிச்ச?" என்றேன்.

ஐந்தாம் வகுப்பை எடுத்துவிட்டார்கள். வாத்தியார் என்னைத் திட்டவில்லை. "நாலாங் கிளாசுலயே இன்னொரு வருசம் இரியேன்," என்றார். அப்பா சம்மதிக்கவில்லை.

அவள் ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டாள் என்று சித்தி வந்து சொன்ன அன்று, காய்ச்சல் என்று பொய் சொல்லிப் படுத்துக்கொண்டேன். என் படிப்பை நானே கெடுத்துக்கொண்டேன் என்று தெரிந்தும், ஆத்திரமெல்லாம் அவள்மேல்தான் வந்தது.