பூ மணிக்கூட்டுக்கு ஐந்து நிமிட நடை

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையின் முகப்பில் பௌஸியின் தொலைபேசிக் கடை இருந்தது. வெளிநாட்டுக்குக் கோல் எடுக்கலாம், ஃபக்ஸ் அனுப்பலாம், போட்டோகொப்பி அடிக்கலாம். மூலையில், மின்விசிறிக்கு நேரே கீழே, ஒரு கணினியும் அதன் முன்னால் சிவமணியும். விசா விண்ணப்பம் நிரப்ப வேண்டிய சனம் லொட்ஜுகளிலிருந்து நேரே அவளிடம்தான் வரும். தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு அது. யாழ்ப்பாணத்துச் சனத்தில் பாதி வெள்ளவத்தையில் இருந்தது. அந்தப் பாதியும் பயணப்பெட்டியை அவிழ்க்காமலே இருந்தது.

கனடாவுக்குப் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் எல்லோருக்கும் விண்ணப்பத்தின் ஒரே இடத்தில் கை நின்றுவிடும். அங்கே போய் எங்கெங்கே சுற்றிப் பார்ப்பீர்கள்? பார்க்கிறதாவது! போய் இருந்துவிடலாம் என்பதுதான் முக்கால்வாசிப் பேரின் எண்ணம். அதை எழுதிக் கொடுக்க முடியுமா? ஆகவே சிவமணி அவர்களுக்காக எழுதுவாள்: நயாகரா அருவி.

மற்றக் கடைக்காரர்கள் என்றால் அந்த இரண்டு சொல்லோடு விட்டிருப்பார்கள். சிவமணிக்கு அது காணாது. முழு நாளையும் அட்டவணையாகப் போட்டுக் கொடுப்பாள். காலை எட்டரைக்கு அருவி முகப்பு. ஒன்பதுக்கு மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு படகு. பத்துக்குப் பூங்கா. அங்கிருந்து ஐந்து நிமிடம் நடந்தால் பத்து இருபதுக்குப் பூ மணிக்கூடு. அதற்குப் பிறகு வண்ணத்துப்பூச்சி மாளிகை. யாரோ பெட்டியின் அடியில் போட்டுக் கொண்டுவந்த வர்ணப் புத்தகம் ஒன்றுதான் அவளுக்கு ஆதாரம். அதில் கையால் வரைந்த ஒரு படம் இருந்தது. அருவி, படகு, பூங்கா, பூச்செடிகளை நட்டே அமைத்த அந்தப் பெரிய மணிக்கூடு, எல்லாம் ஓர் உள்ளங்கைக்குள் அடங்கிக் கிடந்தன. பூங்காவுக்கும் மணிக்கூட்டுக்கும் இடையில் பெருவிரலை வைத்துப் பார்த்தாள். ஐந்து நிமிடம் என்று அவளே தீர்மானித்தாள்.

நாலு வருசத்தில் இருநூறு குடும்பங்களை அந்த அருவிக்கு அனுப்பியிருப்பாள். ஒவ்வொரு தடவை அட்டவணையை அடிக்கும்போதும் அவளும் கூடவே போய்வந்தாள். பின்னால் கடல் இரையும், கரையோர ரயில் கடகடத்துப் போகும், மின்விசிறிக் காற்று முகத்தில் அடிக்கும். சிவமணி படகின் ஓரத்தில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டிருப்பாள். மூக்குக் கண்ணாடியில் தண்ணீர்ப் புகை படியும். "அக்கா, ஃபக்ஸ் ஒன்னு வந்தீக்கி!" என்று பௌஸி கத்தினால்தான் திரும்ப வெள்ளவத்தை வரும். ஒருநாள் வேலைக்கு நடந்து வரும்போது சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் மறித்து, "கொஹெத யன்னே?" என்று கேட்டான். எங்கே போகிறாய் என்ற சாதாரணக் கேள்விதான். நயாகராவுக்கு என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. நல்ல காலம், அடையாள அட்டையைத் தேடுகிற சாட்டில் விழுங்கிக்கொண்டாள்.

அவளுக்கும் கனடாவில் ஒரு பிள்ளை இருந்தான். பகீரதன். தொண்ணூற்றொன்றில், பதினேழு வயதில், வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் கையில் பிடித்துக் கொடுத்தது. எட்டு வருசமாக அவனைக் கண்ணால் காணவில்லை. ஞாயிறு இரவு எட்டு மணிக்குக் கடைக்குக் கோல் எடுப்பான். அவன் இங்கே வர முடியாது, விமானத்தால் இறங்கின இடத்திலேயே பொலிஸ் பிடித்துக்கொண்டு போகும் என்ற பயம். ஒருநாள் சும்மா கேட்டாள், "தம்பி, அருவிக்குக் கிட்டத்தானே இருக்கிறாய், எப்படி மோனை இருக்கும்?"

"நான் இன்னும் போகேல்லை அம்மா."

"எட்டு வருசமா?"

"நீங்கள் வாங்கோ, எல்லாரும் சேந்து போவம்."

அதைக் கேட்டுப் பூரித்துப்போனவள்தான். பிறகுதான் மெல்ல மெல்ல விளங்கியது, அருவி மட்டுமில்லை. கார் ஓடப் பழகினாயா என்றால், அம்மா வரட்டும். அந்த நிலக்கீழ் அறையை விட்டு வெளிச்சமான இடத்துக்கு மாறேன் என்றால், அம்மா வரட்டும். படிப்பு? அம்மா வரட்டும், பாப்பம். பகலில் தொழிற்சாலை, மாலையில் பேக்கரி, மிச்ச வாழ்க்கை முழுவதையும் அம்மாவின் வரவுக்கு என்று அப்படியே பொத்தி வைத்திருந்தான் அந்த விசரன். தான் போய் இறங்காவிட்டால் பிள்ளை வாழத் தொடங்கமாட்டான் என்ற பயம் சிவமணியின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

அந்தப் பயத்தோடு தங்கள் இருவருக்கும் விண்ணப்பம் எடுத்தாள். கணவர் சுந்தரலிங்கம், தபால் கந்தோரில் வேலை செய்து இளைப்பாறியவர், சாய்வுநாற்காலியில் இருந்தபடி சொன்னார்: "தண்ணி பாக்கிறதுக்குக் கனடா போகோணுமே? உங்கை பின்னாலை ஒரு கடல் கிடக்கு."

"அது விழுறதில்லை," என்றாள் சிவமணி.

"உமக்கு விழவும் வேணும்!"

ஆனாலும் மனிதர் மழைக்கோட்டு இருவருக்கும் அளவாக இருக்குமா என்று இரண்டு தரம் கேட்டார். படகில் தனக்குத் தலை சுற்றும், பூங்காவில் ஒரு மரவாங்கில் உட்கார்ந்திருப்பேன் என்றார். சிவமணி அட்டவணையில் அதையும் சேர்த்தாள். மதியத்துக்குப் புளிச்சாதம் கட்டுவது, பகீரதனை நடுவில் நிறுத்திப் படம் எடுப்பது, எல்லாம் சேர்த்தாள். ஊராருக்கு அடித்துக் கொடுத்த பொய்களுக்கு நடுவில் ஒரே ஒரு உண்மையான பயணம். நாங்கள் பார்த்துவிட்டுத் திரும்பி வருவோம் என்று கடைசி வரியில் எழுதியதுகூடப் பொய்யில்லை.

தூதரகத்தில் வயதான வெள்ளைக்காரப் பெண்மணி ஒருத்தி தாளை ஆறுதலாக, வரி வரியாக வாசித்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றினாள்.

"இந்தப் பூ மணிக்கூட்டை எனக்குத் தெரியும். நான் பிறந்த ஊர் அதற்குப் பக்கம். அருவியிலிருந்து பத்துக் கிலோமீற்றருக்கு மேல் வரும். ஐந்து நிமிடத்தில் யாரும் நடக்க முடியாது."

சிவமணி தன் தாளை எட்டிப் பார்த்தாள்.

"இந்த ஐந்து நிமிடத்தை இந்த வருசம் முப்பது பேரின் தாள்களில் வாசித்துவிட்டேன். யார் எழுதிக் கொடுக்கிறார்கள்?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "நான்தான் அடிச்சனான்," என்றாள் சிவமணி. "ஆனா நாங்கள் உண்மையாவே போய்ப் பாக்கத்தான் கேக்கிறம்."

அந்தப் பெண்மணி தாளில் ஏதோ குறித்தாள். முகத்தில் கோபமில்லை. ஆனால் நாலாம் நாள் பாஸ்போட்டுகள் இரண்டும் விசா இல்லாமல் ஒரு கடிதத்தோடு திரும்பி வந்தன. கடிதத்தை வாசிக்க முதலே சுந்தரலிங்கம் எழும்பிப் போய்த் தேத்தண்ணி ஊற்றினார். அவர் தேத்தண்ணி ஊற்றுகிற மனிதரில்லை.

சிவமணி அழுதாள். ஆனால் அழுகைக்கு நடுவில் வேறொன்றும் அவளைக் குடைந்தது. இருநூறு குடும்பம்! அதில் ஒருவராவது போயிருந்தால், "என்ன அக்கா, மணிக்கூடு உங்கை இல்லையே," என்று சொல்லாமல் இருப்பார்களா? ஒருவரும் போகவில்லை. பனி தள்ளுகிறார்கள், பேரப்பிள்ளை பார்க்கிறார்கள், இரவு வேலை செய்கிறார்கள். இத்தனை வருசமாக அந்தப் படகில் தான் ஒருத்திதான் நின்றிருக்கிறாள். அதுவும் பெருவிரலால் அளந்த ஒரு அருவியில்!

ஞாயிறு எட்டு மணிக்குக் கோல் வந்தது. விசயத்தைச் சொன்னாள். 

"பரவாயில்லை அம்மா. அடுத்த வருசம் திருப்பிப் போடுவம். அதுவரைக்கும்..."

"அதுவரைக்கும் என்னடா?" சிவமணிக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ, பௌஸி காசுப்பெட்டியை மூடிவிட்டு நிமிர்ந்து பார்த்தான். "அதுவரைக்கும் நிலத்துக்குக் கீழை கிடக்கப்போறியோ? என்னைச் சாட்டி நீ இருந்தது போதும். வாற ஞாயிறு நீ போறாய். பேப்பரும் பென்சிலும் எடு."

"நீங்கள் இல்லாமல் எப்பிடி அம்மா..."

"எழுது! எட்டரைக்கு அருவி."

எழுதினான். முழு அட்டவணையையும் ஒரு வரி விடாமல் சொல்லிக் கொடுத்தாள். மணிக்கூட்டுக்கு நடக்காதே, யாருடையாவது காரில் போ என்று மட்டும் திருத்தினாள். போனை வைத்த பிறகு பௌஸி மெல்லக் கேட்டான்: "புள்ள போவானா அக்கா?"

"தெரியாது," என்றாள். அந்தக் கிழமை முழுவதும் அதே கேள்விதான். அவன் போகாவிட்டால் இனி எதற்கும் போகமாட்டான்.

அடுத்த ஞாயிறு எட்டு மணிக்குத் தொலைபேசி அடிக்கவில்லை. எட்டேகாலுக்கும் இல்லை. சுந்தரலிங்கம் கடைவாசலில் நின்று கடலைப் பார்க்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலைக்கே போயிருப்பான் என்று சிவமணி நினைத்த நேரம் மணி அடித்தது.

"அம்மா!" காற்றும் சனத்தின் இரைச்சலுமாகக் கேட்டது. "பூ மணிக்கூட்டுக்கு முன்னாலை நிக்கிறன். பற்றிக்கின்ரை கார்... எங்களோடை பேக்கரியிலை நிக்கிற கொட்டாஞ்சேனைப் பொடியன். அட்டவணைப்படி வரோணும் எண்டு பூங்காவைப் பாக்காமல் ஓடி வந்தனாங்கள். திரும்பேக்கை பாப்பம்."

"என்ன நேரம் மோனை காட்டுது?"

"பத்து இருபது."

சிவமணி சுவரைப் பார்த்தாள். பௌஸியின் கடை மணிக்கூட்டில் எட்டு இருபது. அங்கே காலை, இங்கே இரவு. நிமிட முள் மட்டும் இரண்டு இடத்திலும் ஒரே இடத்தில் நின்றது.

"படகிலை ஏறினனியோ?"

"ஏறினனான். அம்மா, அது... சொல்லத் தெரியேல்லை அம்மா. நல்லா நனைஞ்சு போனன்."

"தலையைத் துவட்டு. தடிமன் பிடிக்கப்போகுது."

அவன் சிரித்தான். பதினேழு வயதில் வீட்டை விட்டுப் போகும்போது நின்றுபோன சிரிப்பு அது, சிவமணிக்கு உடனே தெரிந்தது.

"அம்மா, பற்றிக் என்னை நாளைக்குக் கார் பழகக் கூட்டிக்கொண்டு போறானாம். போகட்டோ?"

"போ ராசா," என்றாள் சிவமணி. "போ."