தூதரகம் இடம் மாறியபோது

நாற்பதுகளின் கடைசியில் என் காக்கா, அதாவது அண்ணன், ஜெருசலேமில் சமையல்காரராக இருந்தார். போரில் நகரம் மேற்கு, கிழக்கு என இரு தரப்பின் கையில் இரண்டாகப் பிளந்தது. இரு தரப்பும் முழு நகரத்துக்கும் உரிமை கொண்டாடின. காக்கா ஊர் திரும்பப் பயண அனுமதிச் சீட்டுத் தரவேண்டிய தூதரகம், கடற்கரைப் பட்டணத்திலிருந்து நகரின் மேற்குப் பாதிக்கு மாறியது. அது மேற்குத் தரப்பின் உரிமையை ஒப்புக்கொண்டதுபோல் ஆனதால் ஆத்திரமடைந்த கிழக்குத் தரப்பு, அந்தத் தூதரகத்தின் சீட்டு செல்லாது என்று அறிவித்தது. காக்கா இருந்தது கிழக்குப் பாதியில்; அங்கேயே மாட்டிக்கொண்டார்.

தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பல் ஏஜெண்ட் இதைச் சொன்னதும் உம்மா அவர் மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணாச்சி, அவங்க ஆபீஸ மாத்தினா எம்புள்ள ஏன் அங்கன கெடந்து சாவணும்?"

"பெரிய நாடுக சண்டைம்மா. நான் யார்ட்டப் போய்க் கேப்பேன்?"

அதன்பிறகும் உம்மா அவரிடம் நடையாய் நடந்தாள். அடுத்த மழைக்காலத்தில், காக்கா காய்ச்சலில் அங்கேயே மௌத்தாகிவிட்டதாகத் தந்தி வந்தது. உள்ளே காக்காவின் மனைவி, என் மைனி, பிள்ளைக்குச் சோறூட்டிக்கொண்டிருந்தாள். அவளிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் நானும் உம்மாவும் வாசலிலேயே நின்றோம்.