பிரேக்குக்குப் பூசிய தேங்காயெண்ணெய்

காரின் பிரேக்குக்குத் தேங்காயெண்ணெய் பூசிய ஆள் நான்தான். கைதவறிச் சிந்திவிட்டது என்று சொல்லித் தப்பவும் வழியில்லை. பழைய பனியன் துணியை நாலாக மடித்து, விளிம்பு விடுபடாமல், இரண்டு பக்கமும் பூசினேன். பூசி முடித்து, கொஞ்சம் தள்ளி நின்று அழகும் பார்த்தேன்.

வெள்ளவத்தையில் கடலுக்கு நாலு வீடு தள்ளி வாழ்ந்து பார்த்தவர்கள் என்னைக் கொஞ்சமாவது மன்னிப்பார்கள். இங்கே காற்று இரும்பைத் தின்னும். யன்னல் கொளுவி, தையல் மெஷின், கேற்றின் பிணைச்சல், எதுவும் தப்பாது. ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் நான் எண்ணெய்ப் போத்தலும் துணியுமாக வீட்டைச் சுற்றி வருவேன். இத்தனை வருட மணவாழ்க்கையில் மனைவி என்னை நம்பி ஒப்படைத்த ஒரே தொழில்நுட்பப் பொறுப்பு அது.

காரை ஓட்டுபவள் அவள்தான். கொட்டாஞ்சேனையில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். கொஞ்ச நாளாகப் பிரேக் பிடித்தால் ஒரு உறுமல், ஸ்டியரிங்கில் ஒரு நடுக்கம்.

"கராஜுக்குக் குடுப்பமப்பா," என்றாள்.

"டிஸ்க் தேஞ்சிட்டுது, அவ்வளவுதான். வாசிக்கத் தெரிஞ்ச எவனும் வீட்டிலேயே மாத்தலாம். நான் வீடியோவும் பாத்திட்டன்."

"திங்கக்கிழமை அந்தக் காரை ஓட்டப் போறது நான். அது ஞாபகம் இருக்கட்டும்."

இருந்தது. வேலை செய்த நேரம் முழுவதும் அந்த வாக்கியம் என் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தது.

சனிக்கிழமை பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடையில் இரண்டு புதிய டிஸ்க்குகள் வாங்கினேன். ஞாயிறு காலைத் தேநீர் முடிந்ததும் ஜக் வைத்துக் காரைத் தூக்கி, முன் சில்லைக் கழற்றினேன். பழைய டிஸ்க் துருவோடு ஒட்டிப்போய் வர மறுத்தது. சுத்தியலால் அடித்தேன். ஒழுங்கை முழுவதும் மணியோசை. மேல்மாடியில் யாரோ யன்னலைச் சாத்தினார்கள். கடைசியில் அது என் மடியில் வந்து விழுந்தது.

உட்கார்ந்தபடியே அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு சோற்றுத் தட்டு அளவுதான். விளிம்பில் வரம்பு எழும்பி, உள்ளே பள்ளமாகத் தேய்ந்திருந்தது. பதினொரு வருடம். காலி வீதியில் குறுக்கே வெட்டிய பஸ்கள், ஹெவ்லொக் டவுனில் திடீரென்று தோன்றிய நாய்கள், வெசாக் வெளிச்சக்கூடு பார்த்தபடி வீதியில் இறங்கிய குடும்பங்கள். ஒவ்வொரு முறையும் இந்த இரும்பு தன்னில் கொஞ்சம் தேய்த்துக் கொடுத்து யாரையோ வீடு சேர்த்திருக்கிறது. ஒரு காரின் முழுப் பாரத்தையும் வேகத்தையும் இரண்டு தட்டுகள், அவற்றை இறுக்கிப் பிடிக்கிற நாலு பேட்கள், செருப்புப் போட்ட ஒரு கால் நிறுத்திவிடுகின்றன. நான் எத்தனையோ தத்துவங்கள் வாசித்திருக்கிறேன். முன்னால் லொறி நிற்கும்போது உதவியது ஒன்றும் ஞாபகம் இல்லை.

புதிய டிஸ்க்கைத் தொட்டால் விரலில் மெல்லிய எண்ணெய் ஒட்டியது. அப்போதுதான் என் வாசிப்பறிவு விழித்துக்கொண்டது. செய்தவனே எண்ணெய் பூசி அனுப்பியிருக்கிறான் என்றால் அவனுக்கும் கடற்காற்றைப் பற்றித் தெரிந்திருக்கிறது. என் கைபட்டு அழிந்த இடத்தை நிரப்புவது என் கடமை. வீடியோவில் அந்த எண்ணெயைத் துடைத்தெடுக்கச் சொல்கிற பகுதியை, நடுவில் வந்த விளம்பரத்தோடு சேர்த்து நான் முன்னால் தள்ளிவிட்டிருந்தேன் என்பது பிறகு தெரிந்தது.

மற்றப் பக்கத்தையும் அவ்வாறே முடித்து, பின்னேரம் வெள்ளோட்டத்துக்குப் புறப்பட்டேன். கேற் கிறீச்சிட்டது. அதைக் கவனிக்கும் மனநிலையில் நான் இல்லை. ஒழுங்கை மெரைன் டிரைவைச் சந்திக்கும் இடத்தில் ஒரு தம்பிலி இளநீர் வண்டி. பிரேக்கை அழுத்தினேன். கார் நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டது, உடன்படவில்லை. நல்லகாலம், ஊர்ந்துதான் போய்க்கொண்டிருந்தேன். ஹேண்ட்பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தேன். வண்டிக்கு ஒரு முழம் முன்னால் கார் நின்றது.

தம்பிலிக்காரர் கத்தியை உயர்த்தினார்.

"எகத, தெகத, மாத்தயா?"

ஒன்றா, இரண்டா என்று கேட்கிறார். இரண்டு என்றேன். இரண்டையும் நானே குடித்தேன். பிறகு, நடந்தால் இதைவிடச் சீக்கிரம் போகலாம் என்ற வேகத்தில் வீடு சேர்ந்தேன்.

கீழ்வீட்டுப் பல் டொக்டர் கேற்றடியில் நின்றார். கார் விஷயம் தெரிந்த முஸ்லிம் மனிதர். காலையிலிருந்து என் மணியோசையைக் கேட்டுக்கொண்டிருந்தவர்.

"என்ன சேர், மொகம் வெளுத்தீக்கி?"

சொன்னேன்.

"எண்ணயா? பிரேக்குக்கா?"

"தேங்காயெண்ணெய்."

"நல்லெண்ணயா ஈந்தாலும் இதே கததான் சேர். டிஸ்க்கைக் கழுவலாம். பேட் எல்லாம் எண்ண குடிச்சீக்கும். அத வீசிட்டுப் புதுசு போடுங்க."

ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை. துடைத்துவிட்டுப் பேசாமல் இருந்தால் யாருக்குத் தெரியும் என்று ஒரு எண்ணம் வந்தது. வந்தது என்ன, ஒரு தேநீர் குடிக்கும் நேரம் தங்கியும் இருந்தது. பிறகு கொட்டாஞ்சேனை இறக்கமும், காலையில் அதில் நிற்கும் லொறிகளும், பிரேக்கில் அவள் செருப்பும் கண்முன் வந்தன. உள்ளே போனேன். அவள் கொப்பி திருத்திக்கொண்டிருந்தாள்.

"பிரேக் பிடிக்கேல்ல. நான் டிஸ்க்குக்கு எண்ணெய் பூசினனான்."

பேனையை வைத்தாள். "ஏன்?"

"துருப்பிடிக்கும் எண்டு."

"நாளைக்கு நான் பஸ்ஸில போறன்," என்று பேனையை எடுத்தாள். ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை புதிய பேட்களும் பிரேக் கழுவும் ஸ்பிரேயும் வாங்கிவந்து, எல்லாவற்றையும் மறுபடி கழற்றினேன். ஒவ்வொரு டிஸ்க்கையும் மூன்று முறை கழுவினேன். பல் டொக்டர் தன் குட்டிக் கண்ணாடியும் டோர்ச்சும் கொண்டுவந்து உள்பக்கம் வரை பார்த்தார். "சொத்த ஒண்டுமில்ல," என்றார். பின்னேரம் ஒழுங்கையில் இருபது முறை ஓட்டி இருபது முறையும் நிறுத்தினேன். தம்பிலிக்காரர் ஒவ்வொரு முறையும் கத்தியைத் தூக்கி ஏமாந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை கார்த் திறப்பை எடுத்தவள் வாசலில் நின்றாள். "நீங்களும் ஏறுங்கோ."

ஏறினேன். நியாயமான ஏற்பாடு. காலி வீதி, கோட்டை, பிறகு கொட்டாஞ்சேனை இறக்கம். முன்னால் போன லொறி சட்டென்று நின்றது. அவள் காலை அழுத்தினாள். உறுமல் இல்லை, நடுக்கம் இல்லை. காரின் முகம் லேசாகத் தாழ்ந்து நிமிர்ந்தது. நின்றுவிட்டோம். என் கையால் முடுக்கிய இரண்டு இரும்புத் தட்டுகள் அவளை, என்னை, பின்சீற்றில் கிடந்த நாற்பது கொப்பிகளைப் பிடித்து வைத்திருந்தன. வாசித்த எந்தப் பக்கத்திலும் இப்படி ஒரு அமைதியை நான் கண்டதில்லை.

"பாத்தீரா?" என்றேன்.

"எதை?"

"நிண்டது."

"பிரேக் பிடிச்சா நிக்கத்தானே வேணும்," என்று கண்ணாடியைச் சரிசெய்தாள்.

பள்ளிக்கூட வாசலில் இறங்கி, நான் பஸ்ஸில் வீடு வந்தேன். அன்று பின்னேரம் அவள் திரும்பி வந்தபோது கேற்றைத் திறக்க நானே ஓடினேன். கேற் அலறியது. மேல்மாடியில் யன்னல் திறந்தது. அவள் கார்க் கண்ணாடியை இறக்கினாள்.

"ஞாயிற்றுக்கிழமை காருக்குப் பூசினதை இதுக்குப் பூசியிருந்தா, நான் வந்தது உங்களுக்கு மட்டும் தெரிஞ்சிருக்குமப்பா."