கடைசி லோடுக்கு நீராவி இல்லை

பாய்லர் சான்றிதழ் காலாவதியான எஞ்சினில் நீராவி ஏற்றக்கூடாது. நல்ல சட்டம்தான். அதை எழுதியவர்கள் வெடித்த பாய்லரை நேரில் பார்த்திருப்பார்கள். நான் பார்த்ததெல்லாம் சான்றிதழ்கள்தான். எங்கள் தீவின் சுதந்திரத்துக்குச் சில ஆண்டுகள் முன்பு, சுரினாம் என்ற ஊருக்குப் பக்கத்துச் சர்க்கரை ஆலை ஒன்றில், கரும்பு ஏற்றி வரும் சின்ன ரயிலின் கோப்புகள் என் மேசையில் இருந்தன. ரயிலை ஓட்டியவர்கள் வேறு பலர். ஆனால் அது ஓடலாமா கூடாதா என்பது என் அலமாரியில் இருந்தது.

லாரிகள் வந்த பிறகு கோப்புகள் மெலிந்தன. பழைய இரும்பு வாங்குபவர் வருஷத்துக்கு ஓர் எஞ்சினை வெட்டி எடுத்துப் போனார். லாரிகளுக்கான நேர அட்டவணையை நான்தான் தயாரித்தேன், நிறையப் பாராட்டும் வாங்கினேன். கடைசியில் மிஞ்சியது ஓர் எஞ்சின், ஒரு டிரைவர். அந்த அரவை முடிந்ததும் எஞ்சின் இரும்புக்காரருக்கு, டிரைவர் வாசல் காவலுக்கு என்று முடிவாகியிருந்தது. அவர் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஒரே கோவிலில் காவடி எடுத்தவர்கள் நாங்கள். பேச்சு தீவு மொழியான கிரியோலில்தான் நடக்கும், அழைப்பது மட்டும் அண்ணே, தம்பி என்று.

எங்கள் ஆலையில் ஒரு வழக்கம் இருந்தது. அரவையின் கடைசி லோடைக் கொண்டுவரும் எஞ்சினுக்குக் கரும்புத் தோகையும் பூவும் கட்டுவார்கள். சக்கரத்தின் முன் டிரைவர் தேங்காய் உடைப்பார். பிறகு ரோட்டுக் குறுக்கே தண்டவாளம் போகும் இடத்திலிருந்து ஆலை வாசல்வரை விடாமல் விசில் ஊதிக்கொண்டு வருவார். அந்த வருஷம் அதைப் பார்க்க எங்கள் டிரைவர் பாம்பூ என்ற ஊரிலிருந்து சம்பந்தி வீட்டாரை அழைத்திருந்தார். மகளுக்குக் கல்யாணம் ஆகி நான்கு மாதம். மாப்பிள்ளை லாரி ஓட்டுபவர், அவருடைய அப்பாவும் லாரிதான். பெண் கொடுத்த வீட்டில் ஓட்டியது என்ன என்பதை அவர்கள் ஒருமுறையாவது பார்க்கவேண்டும் என்று கோவிலில் என்னிடமே சொன்னார்.

சான்றிதழ் நவம்பர் கடைசிவரை. அரவை அதற்குள் முடிந்திருக்க வேண்டும். ஆனால் நவம்பர் நடுவில் ஆலையின் உருளை ஒன்று விரிசல் விட்டு, பத்து நாள் அரவை நின்றது. கரும்பு வயலிலேயே நின்றது. டிசம்பரிலும் லோடு வரும் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

இதற்கும் ஒரு நடைமுறை உண்டு. சான்றிதழ் முடியுமுன் அரசு பாய்லர் ஆய்வாளருக்கு ஆலை எஞ்சினியர் ஒரு கடிதம் அனுப்பினால் ஒரு மாதம் நீட்டித்துத் தருவார்கள். மறு சோதனைகூட வேண்டாம். முன்பு இரண்டு வருஷம் அப்படிச் செய்திருக்கிறோம். இரண்டு கடிதத்தையும் தட்டச்சு செய்தவன் நான். எஞ்சினியர், நான் மேசையில் வைப்பதில் கையெழுத்துப் போடுபவர். நான் வைக்காததில் போடமாட்டார்.

நான் வைக்கவில்லை. காரணம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ரயில் கோப்பின் கடைசிப் பக்கத்தை நவம்பர் இறுதித் தேதியோடு முடித்து, கட்டி, முத்திரை வைக்கத் தயாராக வைத்திருந்தேன். நீட்டிப்பு வந்தால் மறுபடி திறக்கவேண்டும். மேலும், யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்லும்படி எந்த விதியும் இல்லை. விதிகள் எனக்கு நன்றாகத் தெரியும்.

டிசம்பர் முதல் நாள் காலை ஷெட்டுக்குச் சீட்டு அனுப்பினேன்: நீராவி ஏற்றவேண்டாம். அரைமணியில் டிரைவர் வந்தார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றார். உள்ளே வரச் சொன்னேன். காலெல்லாம் கரி என்று சொல்லி வரவில்லை.

"வேற வழி ஒண்ணும் இல்லியா தம்பி?"

ஒரு வாரம் முன்பு கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று இன்றும் என்னிடமே சொல்லிக்கொள்கிறேன். அன்றுகூட எஞ்சினியரை விட்டு ஆய்வாளருக்கு டெலிபோன் செய்யச் சொல்லியிருக்கலாம். ஆனால் அப்படிச் சொன்னால், கடிதத்தை நேற்றுவரை ஏன் அனுப்பவில்லை என்ற கேள்வி வரும்.

"இல்லண்ணே."

"பே, பப்பியே இல்லேன்னா இல்லதான்" என்றார். ‘பே’ என்றால் சரி, ‘பப்பியே’ என்றால் காகிதம். பாரத்தைக் காகிதத்தின் மேல் போட்டுவிட்டுப் போனார்.

கடைசி லோடு அன்று குளிர்ந்த எஞ்சினுக்குத் தோகை கட்டினார்கள். தேங்காய் உடைத்தார்கள். முன்னால் ஒரு டிராக்டர் சங்கிலி போட்டு எஞ்சினையும் வண்டிகளையும் இழுத்தது. டிரைவர் வெள்ளைச் சட்டை போட்டு, ஏறித் தன் இடத்தில் நின்றார். தொடுவதற்கு ஒன்றும் இல்லாததால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். டிராக்டர் சத்தம் மட்டும் கேட்டது. ரோட்டுக் குறுக்கே போகும் இடத்தில் குழந்தைகள் வழக்கம்போலக் காதைப் பொத்திக்கொண்டு காத்திருந்தன, பிறகு கையை எடுத்துவிட்டன.

வாசலில் அவர் இறங்கியதும் சம்பந்தி சிரித்தார். "மாடு கிடைக்கலியா சம்பந்தி, டிராக்டரப் பூட்டிட்டீங்க?"

கூட நின்ற லாரிக்காரர்களும் சிரித்தார்கள். நான் நாலடி தள்ளி நின்றேன். டிரைவர் என் தோளில் கைபோட்டு அவர்முன் நிறுத்தினார்.

"சான்றிதழ் முடிஞ்சிபோச்சு. இந்தத் தம்பி ஆபீஸ்ல எனக்காக எவ்வளவோ பாத்தாரு. முடியல."

சம்பந்தி எனக்குக் கை கொடுத்தார். நானும் கொடுத்தேன்.

இரண்டு வருஷம் அவர் வாசலில் லாரிகளுக்குத் தடுப்புக் கம்பம் தூக்குவதைத் தினமும் கடந்து போனேன். தினமும் சாப்பிட்டாயா என்று கேட்பார். ஒரு நாள் தாங்காமல், ஒரு கடிதம் போட்டிருந்தால் சான்றிதழை நீட்டித்திருப்பார்கள், நான் எழுதவில்லை என்று சொல்லிவிட்டேன். அவர் கம்பத்தைக் கீழே இறக்கினார்.

"பெரிய கடிதமா?"

"மூணு வரி."

தலையாட்டினார். ஒரு லாரி வந்தது. எண்ணைக் குறித்துக்கொண்டு உள்ளே விட்டார். பிறகு திரும்பினார்.

"வேற யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. பாம்பூவுக்குத் தெரிஞ்சா நான் பொய் சொன்ன மாதிரி ஆயிடும்."

அவர் உயிரோடு இருந்தவரை நான் யாரிடமும் சொல்லவில்லை. அவர் என்னிடம் கேட்டுக்கொண்டதில், முறைப்படி நான் செய்து முடித்தது அது ஒன்றுதான்.