மரவள்ளி இலை காயவைக்கக் கண்டக்குழிக்குப் போனது

என்ர மனுசன் மவுத்தாகி நாலு மாசமும் பத்து நாளும் இத்தாவில் இருந்தேன்; மனுசன் இறந்த பெண் வீட்டோடு இருக்கிற காலம் அது. அது முடிந்த மூன்றாம் நாள், புதன்கிழமை, கனமூலையில் இருந்து கண்டக்குழிக்குப் போனேன். கோழித்தீன் செய்யப் படிக்கிறதுக்கு. அதுக்காகப் போகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

கடைத் தீன் எங்களுக்குக் கட்டாது. மனுசன் மரவள்ளி இலையைக் காயவைத்து இடித்துத் தீனில் கலப்பார். இலையில் நஞ்சு இருக்கு, காய்ந்தால் போயிடும் என்பார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இத்தாவில் இருக்கிறவள் ஆண்கள் போய்வருகிற முற்றத்தில் நின்று இலை காயப்போட ஏலாது. அதனால் முழு இலையாக அறைக்குள் பாயில் பரப்பினேன். இரண்டாம் நாள் மேலால் சருகு மாதிரி இருந்தது. இடித்துப் போட்டேன். பின்னேரம் அசர் தொழுகைக்கு முன் பன்னிரண்டு கோழி செத்தது. அவர் குஞ்சில் இருந்து வளர்த்தவை. மிச்சம் ஒன்பது. என் கையில் இருந்தால் அதுவும் சாகும், விற்றுவிடுவோம் என்றுதான் இருந்தேன்.

காலை 6.40க்கு மதுரங்குளியில் பஸ். பாலாவிச் சந்தியில் இறங்கிக் கல்பிட்டி பஸ் எடுக்க வேணும். இரண்டுக்கும் சேர்த்து 270 ரூபா, ஐம்பது கிலோமீற்றர் வரும். வலப்பக்கம் களப்பு, தண்ணி முழுக்க வெயில். நாலு மாசமாகச் சுவரைப் பார்த்த கண்ணுக்கு அந்த வெளிச்சம் கூசியது.

9.10க்குக் கண்டக்குழியில் இறங்கி, கோழி வளர்க்கிற பரீதா தாத்தா வீட்டுக்கு என்றேன். (எங்கட பக்கம் அக்காவைத்தான் தாத்தா என்போம்.) திரீவீல்காரத் தம்பி கேட்டார்: "முட்டைக்கா, கதைக்கா? கதைக்கெண்டா மத்தியானம் லுஹராகிடும், நான் காத்து நிக்க மாட்டன்." 200 ரூபா எடுத்தார்.

என்ர மனுசன் கோழித்தீன் செய்யப் படித்ததும் இந்தத் தாத்தாவிடம்தான். நடந்ததைச் சொன்னேன்.

"இலைய வெட்டினீங்களா?"

"இல்ல."

"குமிச்சு, சாக்கால மூடி ஒரு ராவு வாட விட்டீங்களா?"

"இல்ல தாத்தா."

"உங்கட மனுசனும் இப்பிடித்தான். ஏழு கோழியக் கொன்னுபோட்டுத்தான் முதல்ல இங்க வந்தாரு. சொல்லல்லயா?"

அந்த ஏழையும் கீரி பிடித்ததென்றுதான் என்னிடம் சொன்னார். கீரிக்குப் பயந்து நான் கூட்டைச் சுற்றிக் கம்பிவலை கட்டினேன். அவரும் கூட நின்று கம்பியைப் பிடித்தார்.

"கள்ள மனுசன்," என்றேன். தாத்தா சிரித்தா. நானும் சிரித்தேன். பிறகு கிணற்றடியில் கொஞ்ச நேரம் அழுதேன்.

போகிறவர்கள் விடியவே போங்கள், இலை வெட்டுவது காலையில்தான். பொடிப்பொடியாக வெட்ட வேணும். ஒரு ராவு வாடியபின் மெல்லிசாகப் பரப்பி மூன்று நாள் வெயில். கையில் நொறுங்கினால்தான் காய்ந்தது. பத்துப் பங்கு தீனுக்கு ஒரு பங்குக்கு மேல் வேணாம். கொஞ்சம் கருவாட்டுத் தூளும் சேர்க்கச் சொன்னா.

4.15க்கு வீடு வந்தேன். பக்கத்து வீட்டு மாமி வேலியால் எட்டிப் பார்த்தா. அவவும் கோழி வளர்க்கிறவ.

"என்ன புள்ள, கோழி குறைஞ்சு கிடக்கு? கீரியா?"

ஓம் என்று வாய் வரை வந்தது.

"இல்ல மாமி, நான்தான்," என்றேன். "கத்தியை எடுத்துட்டு வாங்க, இலை வெட்டக் காட்டித் தாறன்."

ஒன்பதையும் விற்கவில்லை.